பேர் அமையாத கூட்டம்

கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு விஞ்ஞான ஆசிரியை வேலை கிடைத்தபோது, அம்மாவும் பெட்டியைக் கட்டிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள். கல்யாணமாகாத பெண்ணைத் தெரியாத ஊரில் தனியாக விடுவதாவது என்பது அவள் வெளியே சொன்ன காரணம். அண்ணி சமையல் அலுத்துப்போனது சொல்லாத காரணம். ஐம்பதுகளின் கடைசி அது. ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தோம். பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீட்டை விட்டால் பள்ளிக்கூடம். வேறு போக்கிடம் கிடையாது.

ஒருநாள் வாசகசாலைச் சுவரில் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'இயற்கைக் கழகம். ஞாயிறு மாலை ஜவுளிக்கடை மாடியில் சிலந்திகளைப் பற்றிப் பேச்சு. யாரும் வரலாம்.' கடைசி இரண்டு வார்த்தைகளை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"சிலந்தியப் பத்தி என்னட்டி பேச்சு? வாரியல எடுத்து ஒரு போடு போட்டா முடிஞ்சுது."

"நான் போயிட்டு வாரேம்மா."

"அங்கன பூரா ஆம்பளையளால்லா இருப்பாவ. இரு, நானும் வாரேன்."

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தோம்.

ஜவுளிக்கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். ஊரே அவரை முதலாளி என்றுதான் கூப்பிடும். இளவயதில் துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கரிசல் காட்டு ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய் விற்றவர். அந்த நடையில் அவருக்குப் பறவைச் சத்தம் எல்லாம் பாடமாகிவிட்டது. கௌதாரி மாதிரிக் கத்துவார். ஆட்காட்டி மாதிரிக் கத்தினால், மாடியில் இருப்பவர்கள் ஜன்னல் வழியே வானத்தைப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு கடையை அடைத்துவிட்டு மாடியை எங்களுக்குத் திறந்துவிடுவார். நாற்காலி கிடையாது. துணி பேல்களின் மேல் உட்கார வேண்டும். புதுத்துணி வாசனைக்கு நடுவே உட்கார்ந்துதான் நான் எறும்பைப் பற்றியும் ஓணானைப் பற்றியும் கேட்டேன்.

கூட்டத்துக்குக் காரியதரிசி, ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் புக்கிங் கிளார்க். ஒல்லியான மனிதர். பேசுகிற அன்று மட்டும் கோட்டுப் போட்டுக்கொள்வார். நாங்கள் முதலில் போன அன்றைக்கு ஒரு விளக்குச் சிம்னிக்குள் பெரிய சிலந்தி ஒன்றை விட்டு, இரண்டு பக்கமும் துணியால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அது கைக்குக் கை மாறி எங்களிடமும் வந்தது. அம்மா வாங்காமல் எனக்குத் தள்ளிவிட்டாள்.

"இந்த இனத்தில் பெண்தான் பெரிது. சில சமயம் ஆணைத் தின்றுவிடும்" என்றார் கிளார்க்.

அம்மாவின் குரல் கேட்டது.

"எப்பத் திங்கும்? கல்யாணத்துக்கு முந்தியா, பிந்தியா?"

எனக்கு மாடிப்படி வழியே இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. கிளார்க் மட்டும் சிரிக்கவில்லை. பரீட்சையில் கேட்ட கேள்வியைப் போல அதை எடுத்துக்கொண்டு, "பெரும்பாலும் பிந்திதாம்மா. சில நேரம் முந்தியும் உண்டு" என்றார்.

"முந்தியே தின்னுட்டா பொறவு குடும்பம் எப்படி நடக்கும்?" என்றாள் அம்மா.

முதலாளி பேல்மேல் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்றைக்குப் பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக நான் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு முன்னால் அவள் புடவை மாற்றிக்கொண்டு நிற்பாள்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் யாரோடும் ஒட்டாமல் இருந்தார். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை, முப்பது வயதிருக்கும். படிக்கட்டுப் பக்கம் கடைசியில் உட்காருவார். எதுவும் கேட்கமாட்டார். டீ கொடுத்தால் குடிப்பார். முடிந்ததும் முதல் ஆளாக இறங்கிப் போய்விடுவார். அம்மா அவரை முதல் மாதமே கவனித்துவிட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்தபோது என்னையும் பேசச் சொன்னார்கள். தவளையைப் பற்றிப் பேசினேன். கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது சில தவளைகள் மண்ணுக்குள் இறங்கி அடங்கிவிடும், மாதக்கணக்கில் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் கிடக்கும், மழை இறங்கியதும் மேலே வந்து கத்தும் என்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் தினமும் பேசுகிறவள்தான். ஆனாலும் பெரியவர்கள் முன்னால் நிற்கும்போது குறிப்புத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன். போதாக்குறைக்கு அந்த வெள்ளைச் சட்டைக்காரர் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படியோ முடித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். உடம்பெல்லாம் லேசாகி, எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

அம்மா எழுந்து நேராகப் படிக்கட்டுப் பக்கம் போனாள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு படி இறங்கிவிட்டிருந்தார்.

"தம்பி, ஒரு நிமிசம் நில்லுங்க. வாராவாரம் வாரீங்க. சிலந்தியையும் பாக்க மாட்டேங்கீங்க, ஓணானையும் பாக்க மாட்டேங்கீங்க, ஆளாளா மூஞ்சியத்தான் பாக்கீங்க. இன்னைக்கு எம்மவ மூஞ்சிய விட்டுக் கண்ணு நகரல. உங்களுக்கு எந்த ஊரு? வீட்ல பெரியவிய யாரு இருக்காவ?"

அவள் சண்டைக்குப் போனாளா, சம்பந்தம் பேசப் போனாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருப்பாள். அந்த மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது.

"அம்மா, எனக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைய இருக்கு."

"பொறவு எதுக்கு வாரீங்க?"

அவர் படியைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். அப்புறம் தணிந்த குரலில், "நான் போலீசும்மா. இங்கன என்ன பேசுதாவன்னு கேட்டுட்டு வரச் சொல்லி அனுப்பிருக்காவ. கழகம்னு எழுதி ஒட்டியிருக்கீங்கள்லா" என்றார்.

புக்கிங் கிளார்க் அப்படியே ஒரு பேலில் உட்கார்ந்துவிட்டார். "நான் சர்க்கார் உத்தியோகஸ்தன். எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது" என்றார். முதலாளிதான் நிதானமாக, "நில்லுங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்" என்று கான்ஸ்டபிளின் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இம்புட்டு நாளும் ஸ்டேசன்ல போயி என்ன சொன்னீங்க?"

"நடந்ததத்தான் சொன்னேன், முதலாளி. சிலந்தியப் பத்திப் பேசினாவன்னு சொன்னேன். அது குறிப்புப் பேச்சா இருக்கும், இன்னும் கவனிங்காவ. அடுத்த வாரம் எறும்புன்னேன். எறும்புன்னா யாரச் சொல்லுதாவன்னு இன்ஸ்பெக்டர் கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல?"

மாடியே அதிர்ந்தது. கிளார்க்குக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. கான்ஸ்டபிள் மட்டும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், அந்தத் தவளை விசயம் நெசந்தானா? மாசக்கணக்கா ஒண்ணும் திங்காம மண்ணுக்குள்ள கிடக்குமா?"

அவர் இமைக்காமல் பார்த்தது அதற்காகத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேச்சில் விட்டுப்போனதையெல்லாம் அவருக்கு உட்கார்ந்து சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமான மாணவர் எனக்குக் கிடைத்ததில்லை.

கழகம் என்ற பேரை எடுத்துவிட்டால் தொந்தரவு இராது என்று அவரே யோசனை சொன்னார். அடுத்த தாளில் கிளார்க் 'இயற்கைச் சங்கம்' என்று எழுதினார். மறுவாரமே மில்லிலிருந்து இரண்டு பேர் வந்து, எந்தச் சங்கம், யார் பக்கம், வேலைநிறுத்தம் உண்டா என்று கேட்டார்கள். சரி என்று 'சபை' என்று மாற்றினோம். அந்த ஞாயிறு கையில் பைபிளோடு நாலைந்து பெண்கள் மாடியேறி வந்துவிட்டார்கள். நல்ல வேளையாக அன்றைக்கு முதலாளி வெட்டுக்கிளியைப் பற்றிப் பேசினார். "எங்க வேதத்துலயும் வெட்டுக்கிளி வருது" என்று ஒரு அம்மாள் சொல்ல, "எங்களதுலயும் உண்டும்மா" என்று முதலாளி சொல்ல, அவர்கள் கடைசிவரை இருந்து கேட்டுவிட்டுத்தான் போனார்கள். பிறகு 'மன்றம்' என்று போட்டோம். வாலிபர்கள் பூமாலையோடு வந்து, எந்த நடிகருக்கு மன்றம் என்று கேட்டார்கள். தமிழில் மனிதர்கள் கூடுவதற்கு இருக்கிற வார்த்தைகளையெல்லாம் வேறு யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று கிளார்க் வருத்தப்பட்டார். கடைசியில் பேரே இல்லாமல், 'ஞாயிறு மாலை, மாடி, பேச்சு' என்று மட்டும் ஒட்டினோம். கூட்டம் குறையவில்லை.

மார்கழியில் பூனைப்பருந்து பார்க்க ஒரு பயணம் ஏற்பாடாயிற்று. மழைக்காலம் முடியும்போது இந்தப் பருந்துகள் வடக்கேயிருந்து வந்து சேரும். பகலெல்லாம் பருத்திக் காட்டுக்கும் கம்பங்காட்டுக்கும் மேலே தாழப் பறந்து வெட்டுக்கிளி பிடிக்கும். மரத்தில் அடையாது. பொழுது சாயும்போது ஒரே இடத்தில் கூடிப் புல்லுத் தரையில் இறங்கிப் படுக்கும். ஓட்டப்பிடாரம் போகிற வழியில் ஒரு தரிசில் அதைப் பார்த்ததாக முதலாளி சொல்லியிருந்தார்.

பஸ்ஸில் போனோம். கிளார்க் கழுத்தில் ஒரு இரவல் பைனாகுலர் தொங்கியது. அம்மா ஒரு தூக்கில் புளிச்சாதமும், ஒரு பொட்டலம் கடலைமிட்டாயும் எடுத்துக்கொண்டாள். கான்ஸ்டபிளும் வந்தார், கண்காணிப்பு வேலை என்ற பேரில். பஸ்ஸை விட்டு இறங்கி ஈரக் கரிசலில் நடந்தபோது செருப்பில் மண் அப்பி, ஆளுக்கு நாலு விரற்கடை உயரமாகிவிட்டோம். தரிசின் ஓரத்தில் உடைமரங்களுக்குக் கீழே கான்ஸ்டபிள் எங்களை நிறுத்தினார். எப்படி மூச்சை இழுத்து விட்டு அசையாமல் நிற்பது, எப்படித் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார்.

"ஆளுக்குத் தெரியாமப் பாக்கது எங்க தொழில்லா" என்றார்.

பொழுது மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது பாதையில் ஒரு ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி எங்களை நோக்கி வந்தார். மாடியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பைனாகுலரோடு பொட்டல்காட்டுக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவரே கிளம்பி வந்திருக்கிறார். கான்ஸ்டபிள் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினார். கிளார்க்கின் முகம் வெளுத்தது.

"இங்கன என்ன நடக்குது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அம்மா உதட்டில் விரலை வைத்தாள். "சத்தம் போடாதீங்கய்யா. இப்பத்தான் வருது. குத்தவையுங்க."

அவர் என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

முதலில் ஒன்று வந்தது, வெளிர் சாம்பல் நிறம், இறக்கையை லேசாக மேலே தூக்கி வைத்தபடி அடிக்காமலே மிதந்து. அதன் பின்னால் பழுப்பு நிறத்தில் இரண்டு. நாங்கள் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தபோதே கிழக்கேயும் வந்துவிட்டன. தாழ, மேலே, எங்கள் தலைக்கு மேலே, எல்லாப் பக்கமும். ஒரு சத்தம் இல்லை. புல்லுக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொன்றாக இறங்கிப் புல்லுக்குள் மறைந்தன. இறங்கினது மறுபடி எழும்பும், இடம் பிடிக்காததுபோல இன்னொரு பக்கம் போய் உட்காரும். நான் மூச்சு விட மறந்தே போனேன். பாடப் புத்தகத்தில் பருந்துக்கு ஒரு படம் உண்டு. அதைக் காட்டித்தான் நான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இனி அந்தப் பிள்ளைகளை இங்கே கூட்டிக்கொண்டு வராமல் விடக்கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். மறுவருஷம் கூட்டிக்கொண்டும் வந்தேன்.

வெளிச்சம் போனபிறகுதான் இன்ஸ்பெக்டர் பேசினார். "இதெல்லாம் எங்கேயிருந்து வருது?"

"இமயமலைக்கு அந்தப் பக்கம் இருந்து வருதுன்னு புஸ்தகத்துல எழுதியிருக்காவ" என்றார் முதலாளி.

"அப்ப நாங்க கவனிக்க வேண்டியது இவியளத்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். அம்மா அவரிடம் கடலைமிட்டாயை நீட்டினாள். அவர் இரண்டு எடுத்துக்கொண்டார். திரும்பும்போது பெண்களான எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கியதைப் பார்த்து எங்கள் வீட்டுக்காரம்மாள் பதறிப்போனது தனிக் கதை.

அதன்பிறகு எங்களைக் கண்காணிக்கிற வேலை நின்றுவிட்டது. கான்ஸ்டபிள் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. அடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே பேச ஒத்துக்கொண்டார். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் முன்னால் உட்கார வைத்துவிட்டு, அட்டென்ஷனில் நின்றுகொண்டு பேசினார். போலீஸ் ஸ்டேஷனில் பழைய சாமான் போட்டு வைக்கிற அறையின் மோட்டு வளையில் ஒரு ஜோடிக் கூகை, அந்த வெள்ளை மூஞ்சி ஆந்தை, குடும்பம் நடத்துகிறது என்றார். பாரா நிற்கிற நேரமெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். தாய் எப்படி எலி கொண்டுவரும், குஞ்சுகள் எப்படிச் சீறும் என்று செய்து காட்டியபோது அவருடைய சின்ன மகள் எழுந்து நின்று, "எங்கப்பா, எங்கப்பா" என்று எல்லாரிடமும் சொன்னாள்.

"இப்பப் போனாப் பாக்கலாமா?" என்று கேட்டாள் அம்மா.

"இருட்டுததுக்கு முன்னால போனாத்தான் வெளிய வாரதப் பாக்கலாம். இன்ஸ்பெக்டர்கிட்டக் கேட்டு வச்சிருக்கேன்."

பேச்சை அதோடு முடித்துக்கொண்டு எல்லாரும் இறங்கினோம். முன்னால் கான்ஸ்டபிளும் பிள்ளைகளும், அடுத்து முதலாளி, நடுவில் நானும் அம்மாவும் கான்ஸ்டபிளின் மனைவியும். கடைசியில் கிளார்க், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டும் கழற்றிக்கொண்டும் வந்தார். பஜார் வழியாக ஜவுளிக்கடை முதலாளியும் பள்ளிக்கூட டீச்சரும் வரிசையாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதைப் பார்த்துக் கடைக்காரர்கள் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"என்ன முதலாளி, எதும் பிரச்சினையா?" என்றார் ஒருவர்.

அம்மா முந்திக்கொண்டாள். "கூகை பாக்கப் போறோம் அண்ணாச்சி. வாரீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். கல்லாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உள்ளே குரல் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு சேர்ந்துகொண்டார்.