கதிரை பஸ்

நேற்றுப் பின்னேரம் நல்லூரில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, விறாந்தையில் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. தங்கச்சியின் மகள், நாலு வயசு, சாப்பாட்டு மேசைக் கதிரைகளை வரிசையாக வைத்து பஸ் ஓட்டுகிறாள். அந்தச் சத்தத்துக்கு நான் எழும்பாமல் இருப்பேனா, சொல்லுங்கோ.

நல்லூருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் வாடகை வீட்டில் இருந்த காலத்தில் நாங்கள் ஓட்டாத பஸ்ஸா? பலாலி வீதியால் போகிற பஸ்கூட எங்கடை பஸ்ஸுக்குக் கிட்ட வராது. அண்ணை ட்ரைவர். டீசல் மணம் வேண்டுமென்று மண்ணெண்ணெயில் துணியை நனைத்து முன்கதிரைக்குக் கீழே போட்டுவிடுவான். நான் கொண்டக்டர், பொல்லாத கொண்டக்டர். தங்கச்சி சட்டைக்குள் தலையணையைச் செருகிக்கொண்டு ஏறுவாள். "பிள்ளைத்தாச்சி நிக்கிறன், ஆரும் எழும்புங்கோவன்" என்று பொம்மையை அதட்டி, முன் சீற்றைப் பிடித்துவிடுவாள். ஒருநாள் அந்த மண்ணெண்ணெய் மணத்துக்கு உண்மையாகவே சத்தி எடுத்துவிட்டாள். அண்ணை பஸ்ஸை நிப்பாட்டவில்லை.

அப்பா கணக்கு வாத்தியார். முன்னறையில் ரியூசனுக்கு வந்த பிள்ளைகளை உருட்டி உருட்டிக் கேள்வி கேட்பார். ஆனால் பஸ்ஸுக்குக் குறுக்கே வந்தால், "சந்தியிலை இறக்கிவிடு தம்பி" என்று படியால் இறங்குகிற மாதிரிக் காலைத் தூக்கி வைத்துப் போய்விடுவார். பஸ்ஸுக்கு எத்தனை சில்லு என்று அந்த மனிசன் ஒருநாளும் கேட்டதில்லை.

நேற்று நான் பஸ்ஸில் ஏற முதலே தங்கச்சி போனோடு வந்துவிட்டாள்.

"எத்தினை கதிரை வைச்சிருக்கிறீங்கள்? சில்லு என்ன வடிவம்? பஸ்ஸின்ரை நிறத்தை இங்கிலீசிலை சொல்லுங்கோ பாப்பம்."

பிள்ளை ட்ரைவர் கதிரையால் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு எல்லாத்துக்கும் சரியாக மறுமொழி சொன்னாள். தங்கச்சி அதைப் படம் பிடித்து ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். அங்கே ஒரு ரீச்சர் விளையாட்டுக்குப் புள்ளி போடுகிறாவாம். போன கிழமை மா குழைத்து விளையாடினதுக்கு எண்பது. மிச்ச இருபதும் எங்கே போனதென்று வீட்டில் விசாரணை வேறை நடந்ததாம். சீ!

"உதென்னடி விசர் வேலை? அவள் பஸ் ஓட்டட்டுமேன்."

"விளையாட்டோடை விளையாட்டாப் படிப்பிக்கிறம் அக்கா. ஸ்கொலர்ஷிப் சோதினை வரேக்கை உதுகள் உதவும். உங்களுக்கு உது விளங்காது."

அது பிள்ளை பெறாத எனக்குப் போட்ட போடு. வாங்கிக்கொண்டேன். ரியூசன் ரியூசனாய் ஓடித் திரிந்தும் ஒரு சூத்திரமும் நினைவில்லாத கட்டைதானே நான். ஆனாலும் தலையணை செருகி சீற் பிடித்தவளா இப்படிக் கதைக்கிறாள் என்று அருவருப்பாக இருந்தது. மிளகாய்க் கண்டு நட்டவன் வேர் விட்டுதோ என்று நெடுகப் பிடுங்கிப் பார்ப்பானா? இந்தச் சனம் பார்க்கும். பிடுங்கினதைப் படமும் எடுத்து அனுப்பும்.

அவள் உள்ளே போனதும் நான் கடைசிக் கதிரையில் ஏறி இருந்தேன். "கீரிமலைக்கு ஒராள். ரைற், போகலாம்" என்றேன்.

பிள்ளை பஸ்ஸை எடுக்கவில்லை. எனக்கு முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கேள்வி வருமென்று என் வாயையே பார்த்தாள்.

"பெரியம்மா, கேள்வி முடிஞ்சுதோ?"

"ஓம் குஞ்சு, முடிஞ்சுது."

"அப்ப போனைத் தாங்கோ. கேள்வி முடிய அம்மா தாறவ."

என் போனைக் கொடுத்தேன். வேறை என்ன செய்ய? அவள் சுவரோடு சாய்ந்திருந்து போனுக்குள் குனிந்துவிட்டாள். நான் கதிரைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் மேசையடியில் வைத்தேன். ஓடுகிற பஸ்ஸைக் கழட்டுகிறார்கள் என்று அந்த நாளில் எங்களைப்போல நிலத்தில் விழுந்து புரண்டு அழ, இப்போது அந்த வீட்டில் ஒருத்தரும் இல்லை.