டிவிக்குப் பின்னால் கிரீஸ்

புது டிவி வீட்டுக்கு வந்தால் மற்றவர்கள் ரிமோட்டைத் தேடுவார்கள். நான் டிவிக்குப் பின்பக்கம் போவேன். அங்கே ஒயர் செருகும் துளைகளின் வாயில் சுண்டுவிரலைத் தேய்த்து, விரலை முகர்ந்து பார்ப்பேன். போன வாரம் மீஞ்சூரில் எங்கள் வீட்டுச் சுவரில் அகலமான டிவி ஒன்றை மாட்ட வந்தவர் இதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா, கேஸ் லீக்காவுதான்னு மோந்து பாக்குறீங்களா?"

சும்மா, பழக்கம் என்றேன். பாவம், மரியாதைக்குச் சிரித்தார். "இதுக்கு ஒயரே வேணாம்க்கா. லேப்டாப்புல படத்தப் போட்டு இத்த அமுக்குனா போதும், தானா டிவிக்கு வந்துடும்" என்று சொல்லி, அமுக்கியும் காட்டினார். வந்துவிட்டது. சத்தமும் வந்தது. சந்தோஷப்பட வேண்டியவள், அது வரும்வரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்குப் படம் வந்து சேர்வதற்குள் எனக்கு இன்றைக்கும் இப்படித்தான் ஆகிறது. ஏன் என்பதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் தேடும் வாசனை கிரீஸ். எங்கள் நைனாவின் வாசனை அது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் குப்பம். இரண்டு பக்கமும் உப்புக்காற்று. இரும்பு என்று ஒன்று கண்ணில் பட்டால் ஒரே மழைக்காலத்தில் தின்று தீர்த்துவிடும். செம்பு என்றால் பச்சை பூத்துவிடும். அதனால் படகு இன்ஜினின் பேட்டரி முனையிலும் ஒயர் சேரும் இடங்களிலும் ஒரு விரல் கிரீஸ் எடுத்து அப்பிவைப்பது அங்கே எல்லோருக்கும் வழக்கம். நைனாவுக்கு அது வழக்கத்தைத் தாண்டிப் போய்விட்டது. கதவுக் கீல், பூட்டு, என் சைக்கிள், அம்மாவின் தையல் மிஷின், குடைக்கம்பி என்று எதையும் விட்டுவைக்க மாட்டார். பன்னிரண்டாவது படிக்கும்போது என் ஐடி கார்டின் கிளிப்புக்கும் தடவிவிட்டார். சட்டையில் அந்தக் கறையோடுதான் ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போனேன். "இந்த மனுசன் ஒரு நா சோத்துலயும் கிரீஸ் போட்டுத்தான் துன்னப் போறாரு" என்பாள் அம்மா. நைனா பழைய பால்பவுடர் டப்பாவில் வைத்திருக்கும் கிரீஸை மூடி, அலமாரி மேல் பத்திரமாக ஏற்றிவைப்பார்.

குப்பத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. பட்டப்பெயர். ஒரு தரம் ஊருக்கு முன்னால் தப்பு செய்துவிட்டால் போதும், சாகும்வரை அதுதான் பெயர். எப்போதோ கயிறு கட்ட மறந்து நங்கூரத்தைத் தூக்கித் தண்ணீரில் போட்டவருக்கு நங்கூரம் என்று பெயர். அவர் பேரனுக்கும் நங்கூரம் வீட்டுப் பையன் என்றுதான் அடையாளம். ரேஷன் கார்டில் இருக்கும் பெயர் ரேஷன் கடையோடு சரி.

கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்த கையோடு பொன்னேரியில் ஒரு ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவேன். குப்பத்திலிருந்து அப்படிப் போன முதல் பெண் நான்தான் என்று இப்போது பெருமையடித்துக்கொள்ளலாம். அப்போது பயமாகத்தான் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போது, வலை சரிபார்த்துக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். நான் தாண்டிப் போனதும் பேச்சு மறுபடி ஆரம்பிக்கும். முதுகு கூசும்.

சித்தப்பாவுக்கு நான் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை. நைனாவும் அவரும் ஒரே படகில் பங்கு. ஆகவே எங்கள் வீட்டு விஷயத்திலும் அவருக்குப் பங்கு. கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் ஆட்டோ பிடிக்க ஓடுகிற ஆள். ஆனால் ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். பெண் வேலையை விட்டுவிட வேண்டும், தையில் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று அவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை, முகம்கூடத் தெரியாது. வேலையை விட முடியாது, அவ்வளவுதான். செத்துப்போனது என்று தூக்கிக்கொண்டு வந்த கம்ப்யூட்டரைத் திறந்து, தூசி தட்டி, மாட்டி, அது மறுபடி முனகிக்கொண்டு எழுந்திருக்கும்போது எனக்கு வந்த சந்தோஷம் அதுவரை வேறு எதிலும் வந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் நைனா ஒரு அகலத் திரை டிவி வாங்கினார். பொன்னேரியிலிருந்து போர்வையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து, பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவது போல் கொண்டுவந்தார். கேபிள்காரர் வந்து அவருடைய ஒயரைச் செருகிக் கொடுத்தார். சுவரில் மாட்டுகிற வேலையை மட்டும் நைனா யாருக்கும் விடவில்லை. அவரே மாட்டினார். நான் அன்றைக்குக் கடையில் இருந்தேன்.

டிவி பார்க்க வந்த சித்தப்பா சும்மா இருக்கவில்லை. "டிவி பெருசாத்தான் கீது. ஆறு மாசமா கம்ப்யூட்டரு கம்ப்யூட்டருன்னு ஓடறாளே, அதுலேர்ந்து இதுல ஒரு படம் போட்டுக் காட்டச் சொல்லேன், பாக்கலாம்" என்றார்.

நைனாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "ஞாயித்துக்கெழம வா. எல்லாரையும் இட்டுனு வா. எம்பொண்ணு லேப்டாப்லேர்ந்து டிவில படத்தக் கொண்டாருவா. கொண்டாரலன்னா திங்கக்கெழம அவள பஸ் ஏத்த மாட்டேன். நீ சொன்ன எடத்துலயே குடுத்துர்லாம்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

விளையாட்டுக்குச் சொன்னதுதானே, அப்புறம் பேசிச் சமாளித்துக்கொள்ளலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கள் ஊரில் அது நடக்காது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊர்க்காரர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு உன் பாடு இல்லை என்றால், கண்ணெதிரே இறால் துள்ளினாலும் கையைக் கட்டிக்கொண்டு கரையில்தான் நிற்க வேண்டும். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. நாலு பேர் நடுவில் சொன்ன சொல்தான் எல்லாம். அப்படிச் சொல்லை வைத்தே பிழைக்கிறவர் ஒரு சொல்லை விட்டுவிட்டால் அதைத் திரும்ப எடுக்க மாட்டார்.

சனிக்கிழமை கடையில் ஓனர் அண்ணன் எனக்கு நாலு வேலை சொல்லிக்கொடுத்தார். ஒயரைச் செருகு. டிவியில் சோர்ஸை, அதாவது படம் வரும் வழியை, மாற்று. லேப்டாப்பில் இருக்கும் திரையை டிவிக்கும் கொடு. கடைசியாகச் சத்தத்தை டிவிக்குத் திருப்பு. "நாலாவத மறந்துடாதம்மா, எல்லாரும் அதுலதான் கோட்ட வுடுவாங்க" என்றார். ஒரு துண்டுக் காகிதத்தில் நாலையும் எழுதி பர்ஸில் வைத்துக்கொண்டேன். கடை டிவியில் பத்துத் தரமாவது போட்டுப் பார்த்தேன். பத்துத் தரமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அன்றைக்குப் பாடு இல்லாதவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில்தான். ஃபேனுக்கு நேர் கீழே யார் உட்காருவது என்பதற்கும் முறை வைத்துக்கொண்டார்கள். அரை மணிக்கு ஒருவர். சிரிக்காதீர்கள், நிஜம். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பை ஸ்டூலில் வைத்தேன். சுவருக்கும் டிவிக்கும் நடுவே கையை விட்டு, தடவித் தடவித் துளையைக் கண்டுபிடித்து ஒயரைச் செருகினேன். மெத்தென்று உள்ளே போனது. கடையில் இப்படிப் போகவில்லையே என்று மனசில் ஒன்று உறுத்தியது. சோர்ஸை மாற்றினேன். நீலத் திரை வந்தது. நோ சிக்னல் என்று ஒரு சின்னக் கட்டம், மிதவைக் கட்டை மாதிரி இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அலைந்தது. லேப்டாப்பில் எதை எதையோ அமுக்கினேன். அணைத்துப் போட்டேன். மறுபடியும் அந்தக் கட்டம்தான்.

ஃபேனுக்குக் கீழே முறை மாறும் நேரம் வந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நைனா வாசல்படியில் நின்றபடி என் முதுகைப் பார்க்கிறார் என்று திரும்பாமலே தெரிந்தது. ஆரம்பாக்கம், தை மாசம், முகம் தெரியாத மாப்பிள்ளை, கடையில் பாதி திறந்து வைத்துவிட்டு வந்த கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன்னால் வந்து போனது.

"வுடும்மா" என்றார் சித்தப்பா. "உன்ன யாரும் ஒண்ணும் சொல்லல. வேர்த்துக் கொட்டுது பாரு, ஃபேனாண்ட வந்து உக்காரு." பிரியமாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

கடைசியாக ஒயரை வெளியே இழுத்தேன். அதன் முனை முழுக்கப் பழுப்பாக, கொழகொழவென்று ஏதோ அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். கொண்டுபோகவே வேண்டியிருக்கவில்லை.

கேபிள் ஒயர் இருந்த துளையை மட்டும் விட்டுவிட்டு, காலியாக இருந்த ஒவ்வொரு துளையிலும் வழிய வழிய கிரீஸ் அடைத்திருந்தார் நைனா. உப்புக்காற்று உள்ளே போய்விடக் கூடாதாம். இன்ஜினில் பேட்டரி முனைக்கு மேல் பூசுவது சரி. இங்கே அவ்வளவு சின்னத் துளைக்குள் தகட்டோடு தகடு தொடவே வழியில்லை.

சொன்னால் நான் தப்பித்தேன். ஆனால் சொன்ன நிமிஷத்திலிருந்து நைனாவுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். சபதம் போட்டவரும் அவரே, துளையை அடைத்தவரும் அவரே. விடுவார்களா? ஒயரைத் தாவணியில் சுற்றிக்கொண்டு, "ஒயரு சரியில்ல" என்றேன்.

நைனா கிட்டே வந்தார். "இன்னாம்மா?" நான் கிரீஸ் ஒட்டிய விரலை மட்டும் காட்டினேன். பார்த்தார். என்னைப் பார்த்தார், தாவணியைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கடலில் அடுத்த படகைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்:

"அவமேல தப்பு இல்ல. நான்தான் ஓட்டையெல்லாம் கிரீஸ் வெச்சு அடச்சிக்கிறேன்."

வீடே அதிரச் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவர் நங்கூரம்தான். இத்தனை வருஷம் கழித்து அவருக்குத் துணை கிடைத்துவிட்டதே.

டிவியைக் கழற்றிப் பாயில் கவிழ்த்தோம். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றிச் சுற்றி நான் துடைக்க, நைனா டார்ச் பிடித்தார். மாட்டி, ஒயரைச் செருகினேன். கட்டம் மறைந்து, படம் வந்தது! பழைய படம். அகலத் திரையில் இழுத்துப் பிடித்ததில் கதாநாயகன் முகம் தாம்பாளம் அளவுக்கு விரிந்திருந்தது. யாருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை.

சத்தம் மட்டும் டிவியில் வரவில்லை. லேப்டாப்பிலிருந்து கொசு பாடுவது போல் வந்தது. "சத்தம் எங்க?" என்றார் சித்தப்பா. "சத்தத்த கிரீஸு முழுங்கிருக்கும்" என்றார் நங்கூரம். மறுபடி சிரிப்பு. நைனா அசரவில்லை. "படம் வரும்னுதான் சொன்னேன். சத்தம் வரும்னு சொன்னனா?"

சொன்ன சொல் அதுதான் என்பது சித்தப்பாவுக்கும் தெரியும். "சரிதான்" என்று சொல்லிவிட்டு ஃபேனுக்குக் கீழே தன் முறைக்குப் போய் உட்கார்ந்தார். ஆரம்பாக்கத்துப் பேச்சு அதோடு நின்றது. லேப்டாப் பக்கம் எல்லோரும் காதைச் சாய்த்தபடி முழுப் படத்தையும் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் டிக்கெட்டுக்குப் பர்ஸைத் திறந்தபோது அந்தத் துண்டுக் காகிதம் கையில் வந்தது. நாலாவது வரி: சத்தத்தை டிவிக்குத் திருப்பு.

கிரீஸ் சத்தத்தை முழுங்கவில்லை. நான்தான் மறந்துவிட்டேன்.

அன்றைக்கே நைனாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சொல்லவில்லை. பயம் போன பிறகு வெட்கம் வந்தது. நைனாவுக்கு அதற்குள் கிரீஸு என்ற பெயர் நிலைத்துவிட்டது. படமும் போச்சு, சத்தமும் போச்சு என்று இரண்டையும் அவர் தலையில் கட்டித்தான் ஊரில் கதை சொல்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நாலு வருஷம் கழித்து எனக்குப் பிடித்த இடத்தில் கல்யாணம் ஆனபோது, மாப்பிள்ளை வீட்டார் கிரீஸு வீடு எது என்று கேட்டுத்தான் வந்து சேர்ந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தவறியபோது ஒட்டிய போஸ்டரில் நிஜப் பெயரைப் பார்த்துவிட்டு, யார் இது என்று ஊரே கேட்டது. சித்தப்பாதான் அழுதுகொண்டே ஒவ்வொரு போஸ்டரிலும் பேனாவால் கிரீஸு என்று எழுதிக்கொண்டு போனார்.

அந்த டிவியை உப்புக்காற்று தின்றுவிட்டது. நங்கூரமும் இல்லை. கிரீஸு வீடு எது என்று இன்றைக்குக் கேட்டாலும் ஊரே வழி சொல்லும், வீட்டில் கிரீஸுதான் இல்லை. இனிமேல் ஒயரும் வேண்டாமாம்.

மாட்ட வந்தவர் கிளம்பிப் போனதும் டிவிக்குப் பின்னால் போய் நின்றேன். "நைனா, அன்னிக்கு சத்தம் வராதது உன் கிரீஸால இல்ல. நான்தான் மறந்துட்டேன்" என்று ஒரு தரம் வாய்விட்டுச் சொன்னேன். பிறகு விரலை மறுபடியும் தேய்த்து முகர்ந்து பார்த்தேன். புது பிளாஸ்டிக் வாசனைதான் வந்தது.