வெல்லத்துக்கு ஒரு போன்

சர்க்கரையைத் தொடவே கூடாது என்று கள்ளக்குறிச்சி டாக்டரம்மா சொன்ன அன்றைக்கே, சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். நான் அவ்வளவு ரோஷக்காரி. ஆனால் வெல்லத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே! எங்கள் வீட்டில் சர்க்கரை என்றால் கடையில் வாங்கும் வெள்ளைச் சாமான். வெல்லம் ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் கொல்லையில் விளைந்த கரும்பின் சாற்றைக் காய்ச்சி எடுத்தது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

சாயங்காலம் நாலு மணி ஆனால் கால் தானாகச் சமையலறைக்குப் போகும். பசி இருக்காது. ஒரு துண்டு வெல்லத்தை வாயில் ஒதுக்கிக்கொண்டால்தான் உயிர் வரும். வீட்டுக்காரருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

மூன்று மாதம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள். ஏறியிருந்தது. "அடுத்த தடவையும் குறையலைன்னா தினமும் ஊசிதாம்மா" என்றார் டாக்டரம்மா. ஊசி என்றால் எனக்குக் குலை நடுங்கும். "சத்தியமா சக்கரையத் தொடலைம்மா" என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "தப்பு எம்மேலதாங்க. இது வெல்லம் துன்னுக்கினு இருந்திச்சு. டப்பா கொறையக் கொறைய நாந்தான் ரொப்பி வெச்சேன். ஆசையா துன்னுது, பாவம்னு வுட்டுட்டேன்."

வெல்லமும் சர்க்கரைதான் என்று எங்கள் இருவருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. பஸ்ஸில் அவரை விட்டுவிட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன். கோபம்தான். ஆனால் அந்த மனுஷன்மேல் அன்று வந்த பிரியம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெல்ல டப்பாவைப் பரணில் ஏற்றினார். எனக்கு எட்டாது. "ஆசை வந்தா போன் பண்ணு. நானே வந்து எடுத்துத் தரேன்" என்றார்.

நாலு மணிக்குப் போன் பண்ணுவேன். சேற்றுக்காலோடு கொல்லையிலிருந்து வருவார். சர்க்கரை இல்லாத டீயை இருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்போம். மில்லுக்குக் கரும்பு வெட்ட ஆள் கிடைக்காதது, மருமகள் போனில் சொன்னது என்று பேச்சு நீளும். டப்பாவை எடுக்கச் சொல்ல மறந்துபோகும். ஒரு காலத்தில் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரம் அது என்பது அப்போதுதான் உறைத்தது. அவர்கள் வேலைக்கென்று வெளியூர் போனபிறகு, அந்த நேரத்து வெறும் வீட்டைத் தாங்காமல்தான் நான் வெல்லம் தின்றிருக்கிறேன்.

அடுத்த பரிசோதனையில் குறைந்திருந்தது. ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்ததில் நாலு மணி போனதே தெரியவில்லை. மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார்.

"இன்னா, இன்னிக்கு போனே காணும்?"

"ஆசை வரலைங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. "வரலியா? இனிமே நான் வர வேணாமா?"

"வெல்லத்துமேலதான் வரல. காலக் கழுவிக்கினு உள்ள வாங்க."