"சம்பளம் பத்துமாடி?"

இன்று எல்ல நகரில் மழைக்கு ஒரு கோப்பிக் கடைக்குள் ஒதுங்கினேன். கோப்பையைக் கொண்டுவந்து வைத்தவள் சுகந்தி. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்துக்காரி, என்னோடு பள்ளியில் படித்தவள்.

வெள்ளைக்காரர்களிடம் சிரித்துச் சிரித்து இங்கிலீஷ் பேசினாள். நான் அந்த மொழியைப் பரீட்சையில் எழுதியதோடு சரி.

மெதுவாகக் கேட்டேன். "சம்பளம் பத்துமாடி?"

பத்தாது என்று அவள் சொல்லவேண்டுமே என்றிருந்தது.

"எங்கடி பத்துது! டிப்ஸ் வந்தாத்தான் ஓடும். சீசன் இல்லாட்டி ரூம் வாடகைக்கே இழுபறிதான்."

மனம் கொஞ்சம் குளிர்ந்தது. அவள் விடவில்லை.

"ஆனா அம்மாவ வேலைக்கு அனுப்புறது இல்ல. முட்டி வலியோட இன்னும் எதுக்குப் பெரட்டுக்குப் போகணும், சொல்லு?"

என் அம்மா இன்று காலையும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்துக் கூடையோடு மலையேறினார்.

"நீ இப்ப என்னாடி பண்ற?"

"நான் பட்டதாரி."

"அது தோட்டத்துக்கே தெரியும்டி. வேலைய கேட்டேன்."

கோப்பி அதற்குள் ஆறிப்போயிருந்தது.

அந்தக் கடையில் ஆள் எடுக்கிறார்களா என்று அவளிடமே கேட்க வெட்கமாக இருந்தது. எல்லப் பக்கம் போகிறவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.