ஐரிஷ் என்பது அவர் பெயரல்ல

போன செவ்வாய்க்கிழமை, கவரைப்பேட்டை தபால்காரர் அயர்லாந்திலிருந்து வந்த ஒரு கடிதத்தை ஆஸ்பத்திரியில் என் மேசைமேல் வைத்தார். வயதாகி ஊர் திரும்பியிருந்த சிஸ்டர் நோரா இறந்துவிட்டார் என்று அவருடைய மடத்திலிருந்து எழுதியிருந்தார்கள்; கடிதம் வருவதற்குள் பன்னிரண்டு நாளாகியிருந்தது. மருந்துக்காக நின்றிருந்தவர்களிடம் சொன்னேன். "யாரு, நம்ம ஐரீஸம்மாவா?" என்று கேட்டு, எங்கள் ஆஸ்பத்திரி ஆயா முனியம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நம்மில் பலர் அவரை அந்தப் பெயரில்தான் அறிவோம். அறுபதுகளில் அவர் இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எல்லோரும் இங்கிலீஷ்காரம்மா என்றார்கள். "இங்கிலீஷ் இல்ல, ஐரிஷ்" என்று ஒவ்வொருவரையும் திருத்தினார். அதையே பெயராக்கிவிட்டோம். அவரோடு நர்ஸாக வேலை பார்த்த எனக்கும் ஐரிஷ் என்றால் ஒரு நாட்டு மனிதர், அவ்வளவுதான். அவர் பேசியது இங்கிலீஷும், சந்தையில் கற்ற தமிழும். "மாத்திர துன்னியா? இன்னாத்துக்கு அயுவுற?" என்று அவர் கேட்டால் அழுகிறவர்களும் சிரித்துவிடுவார்கள்.

எழுபதுகளில் ஒரு காலை, வயதான பாதிரியார் ஒருவரை வேனில் கொண்டுவந்தார்கள். அவரும் அயர்லாந்துக்காரர். நாற்பது வருடம் நம் ஊர்களில் தமிழில் பிரசங்கம் செய்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அதோடு தமிழும் போயிற்று, இங்கிலீஷும் போயிற்று. வாயிலிருந்து ஏதேதோ சத்தம் வந்தது. கட்டிலிலிருந்து இறங்கத் துடித்தார்.

"சாமியாரு ஒளறிக்கினே கீறாரு" என்றாள் முனியம்மா.

விழுந்துவிடப் போகிறாரென்று அவர் கையைக் கட்டிலோடு கட்டினேன். டாக்டர் எழுதியிருந்த மயக்க ஊசியை எடுத்தேன். அப்போது உள்ளே வந்த சிஸ்டர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"சரோஜா, ஊசிய கீய வை."

பிறகு கட்டிலருகே வந்து குனிந்து, பாதிரியாரின் காதருகே ஏதோ சொன்னார். தொண்டையின் அடியிலிருந்து வரும், நான் அதுவரை கேட்டிராத பேச்சு. கிழவரின் துடிப்பு நின்றது. கண்கள் சிஸ்டரைத் தேடின. அதே பேச்சில் பாதிரியாரும் ஏதோ சொன்னார். சிஸ்டர் வார்த்தை கிடைக்காமல் திணறி ஏதோ கேட்டார். பாதிரியார் மறுபடி சொன்னார்.

"அவரு ஒளறல. நேத்து மத்தியானத்துலருந்து ஒண்ணுக்கே போவலயாம். வயிறு வெடிக்கிற மாதிரி கீதாம்."

போர்வையை விலக்கினேன். அடிவயிறு கல்லாக உப்பியிருந்தது. கட்டை அவிழ்த்து, ரப்பர் குழாய் வைத்தேன். பாத்திரம் நிறைந்தது. பாதிரியார் சிஸ்டரின் கையைப் பற்றிக்கொண்டு அழுதார். அவரும் அழுதார். இத்தனை வருடம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவருக்குள் ஒரு முழு பாஷை இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது சொன்னார்: "ஐரிஷ்னா ஜனத்துக்கும் அதான் பேரு, பாஷைக்கும் அதான் பேரு. நாங்க பேசற இங்கிலீஷக்கூட சிலரு ஐரிஷ்னுவாங்க. ஆனா இது வேற. எங்க ஊட்ல அதுக்கு 'கேல்கெ'ன்னு பேரு. எங்க ஜனத்துலயே முக்காவாசிப் பேருக்கு வராது. எங்கம்மாக்கு அத வுட்டா வேற தெரியாது. அவங்க செத்து முப்பது வருசமா அதுல நா வாயத் தொறக்கல. மறந்துபோச்சுன்னே நெனச்சேன்."

இன்னொன்றும் சொன்னார்: "இங்கிலீஷ்ல துக்கமா கீறன்னு சொன்னா 'நான்'தான் மொதல்ல வரும். எங்க பாஷைல துக்கம் என் மேல கீதுன்னுதான் சொல்லுவோம். மேல வந்து குந்தும், அப்றம் எறங்கிப் பூடும்."

கையைக் கட்டியதற்காக மன்னிப்புக் கேட்டேன். என் தோளில் தட்டிவிட்டு வார்டுக்குள் போனார். பாதிரியார் பத்தொன்பது நாள் உயிரோடு இருந்தார். கடைசி நாள்வரை அவரோடு பேச ஒருவர் இருந்தார்.

சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: உளறுகிறார் என்று யாரைக் கொண்டுவந்தாலும், முதலில் ஸ்டூலைப் போட்டு உட்காருகிறேன். எனக்குப் புரியாவிட்டால் புரிந்தவரைத் தேடுகிறேன். கடிதம் வந்த மறுநாள், ரயிலிலிருந்து இறக்கிய வடக்கத்திக்காரர் ஒருவர் பிதற்றிக்கொண்டிருந்தார். வெளியே நின்றவர்களில் நாலு பேரைக் கேட்டேன். ஐந்தாவது ஆள், ஒரு லாரி டிரைவர், உள்ளே வந்து குனிந்து கேட்டார்.

"தண்ணிதாம்மா கேக்குறாரு" என்றார்.