மாதையன் அண்ணனின் ஐந்தாவது டப்பா

மாதையன் அண்ணன் இறந்துவிட்டார். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

என் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. அரூரில் நான் சூப்பர்வைசராக இருந்த புளி குடோனில் மூட்டை தைப்பவர். தேள் வளர்ப்பவர். இரண்டாவதைச் சொன்னால்தான் ஊரில் அடையாளம் தெரியும்.

மலையிலிருந்து புளி லோடு வந்தால் சாக்குக்கு அடியில் எப்படியும் ஒன்றிரண்டு தேள் இருக்கும். மற்றவர்கள் செருப்பைத் தேடுவார்கள். இவர் டீ டம்ளரைத் தேடுவார். மேலே கவிழ்த்து, அடியில் அட்டையைச் சொருகி எடுத்துப் போய்விடுவார். அந்த டம்ளரில் வேறு யாரும் டீ குடித்ததில்லை.

பின்பக்க அலமாரியில் ஐந்து ஸ்வீட் டப்பா. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மணல், ஒரு ஓட்டுச் சில்லு, ஈரப் பஞ்சு, ஒரு தேள். விரல் நீளம்கூட இருக்காது. வாரத்துக்கு ஒரு சுவர்க்கோழிப் பூச்சி, அவ்வளவுதான் தீனி. மறுநாள் காலைக்குள் தின்னவில்லை என்றால் அதையும் வெளியே எடுத்துவிடுவார்.

"எதுக்குண்ணே இதெல்லாம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கத்தாது, குலைக்காது. வாரத்துக்கு ஒருக்கா தின்னுட்டு அது பாட்டுக்குக் கெடக்குதுங்க தம்பி."



மகள் பிரசவத்துக்காக ஒரு வாரம் ஓசூர் போனபோது டப்பாக்களை என்னிடம் ஒப்படைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "ஒண்ணு ஒண்ணு போட்டாப் போதுங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

ஒரு டப்பாவின் மூடியில் மட்டும் சிவப்பு நூல் கட்டியிருந்தது. எங்கள் குடோனில் சிவப்பு நூலால் தைத்த மூட்டை என்றால் அவசரம், முதல் லோடில் ஏற வேண்டியது. அதனால் அதற்குத்தான் முதலில் போட்டேன். பாவம், பசி அதிகம் போல என்று இரண்டாகப் போட்டேன்...

மறுநாள் காலை பார்த்தால் தேள் பாதிதான் இருந்தது. பக்கத்தில் அது உரித்த தோல். சுவர்க்கோழி இரண்டும் நன்றாக இருந்தன.

தோல் உரித்த தேள் ஓரிரு நாள் மெத்தென்று கிடக்கும், அப்போது சுவர்க்கோழிகூட அதைக் கடித்துத் தின்றுவிடும், உயிருள்ள எதையும் உள்ளே விடக் கூடாது என்பதெல்லாம் பிறகு போனில் தேடித் தெரிந்துகொண்டது. அவர் சிவப்பு நூல் கட்டியது தொடாதே என்று சொல்ல.

திரும்பி வந்ததும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "மூடி சரியா மூடலண்ணே, ஓடிப்போச்சு" என்றேன்.

"போவட்டுங்க தம்பி. இங்கதான் எங்கயாச்சும் இருக்கும்."

கோபமே இல்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும், கள்ளநோட்டு பார்க்கிற நீல டார்ச்சை எடுத்துக்கொண்டு, பகலிலும் இருட்டாக இருக்கும் பின்பக்கத்தில் மூட்டை மூட்டையாகத் தேடுவார். அந்த வெளிச்சத்தில் தேள் பச்சையாக மின்னும். மூன்று கிடைத்தன. "இது அது இல்லீங்க" என்று மூன்றையும் வெளியே கொண்டுபோய் விட்டார்.

ஒருநாள் என்னையே டார்ச் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

பிறகு நான் வேலை மாறி பெங்களூர் வந்துவிட்டேன். அவரும் குடோனை விட்டு நின்று, டப்பாக்களை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இன்று காலை போயிருந்தேன். துக்கத்துக்கு வருகிறவர்கள் பயப்படுகிறார்கள் என்று நான்கு தேளையும் அவருடைய மாப்பிள்ளை எடுத்துப்போய்ப் பக்கத்துக் கரட்டு மேட்டில் விட்டுவிட்டாராம். அண்ணனின் மனைவி ஐந்தாவது டப்பாவை எடுத்துவந்து காட்டினார். மணல், ஓட்டுச் சில்லு... பஞ்சில் ஈரம் இன்னும் காயவில்லை.

"ஓடிப்போனத குடோன்ல யாராச்சும் புடிச்சுக் குடுத்தா இதுல வுடணும்னு வெச்சிருந்தாருங்க தம்பி. நேத்துக் காத்தாலகூட பஞ்சுக்குத் தண்ணி வுட்டாரு. வூட்ல வெச்சு நாங்க என்ன பண்றது, நீங்க எடுத்துட்டுப் போங்க."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். டப்பா இப்போது மடியில் இருக்கிறது.

போய் வாருங்கள் அண்ணே... அது ஓடிப்போகவில்லை. நான்தான் கொன்றேன். இனித் தேட வேண்டாம்.