கொன்சோல் வாங்கியிருக்கலாம்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடி அறை ஒன்றில் நானும் என் கூட்டாளியும் வாடகைக்கு இருந்தோம். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். அவன் வவுனியாக்காரன். இருவருக்கும் ஒரே அலுவலகத்தில் வேலை, ஒரே கடையில் சாப்பாடு. வீடியோ கேம் என்றால் இருவருக்கும் பைத்தியம். எதில் விளையாடுவது என்பதில்தான் எங்களுக்குள் நாய்க்கும் பூனைக்குமான சண்டை.

அவன் கொன்சோல் கட்சி.

"மச்சான், கொன்சோல் எண்டா ரீவியில குத்தினாச் சரி. ரெண்டு கொன்ட்ரோலர் இருக்கு, ரெண்டு பேரும் விளையாடலாம். நீ சொல்லுற சாமானில ஒருத்தன் விளையாட, மற்றவன் அவன்ர வாயைப் பாத்துக்கொண்டெல்லோ இருக்கவேணும்."

நான் கம்பியூட்டர் கட்சி. விலையைப் பேசினால் தோற்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். நகல் சீடி ஓடுவதற்காக உள்ளே சிப் பொருத்திய கொன்சோல், கம்பியூட்டர் விலையில் பாதிகூட வராது. கம்பியூட்டருக்கோ பெட்டி, திரை, கரண்ட் போனால் தாங்குவதற்கு ஒரு யூபிஎஸ் என்று செலவு நீண்டுகொண்டே போகும். நான் ஆசைப்பட்ட கிராபிக்ஸ் கார்ட் ஒன்றே ஒரு கொன்சோலை விழுங்கிவிடும். ஆகவே நான் விலையை விட்டுவிட்டுப் படத்தைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பழைய டிவியில் கொன்சோலைப் போட்டால் கார் சில்லெல்லாம் வட்டமில்லாமல் படிக்கட்டு மாதிரித் தெரியும், எழுத்து வாசிக்க முடியாது, கம்பியூட்டரில் தண்ணீரில் வெயில் படுவதுகூடத் தெரியும் என்று காலையிலும் மாலையிலும் ஓதினேன். அதிலே வேலைக்குப் போடச் சீவி அடிக்கலாம், படம் பார்க்கலாம், அம்மாவுக்கு ஈமெயில் அனுப்பலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவனுடைய அம்மாவுக்கு ஈமெயில் என்றால் என்னவென்றே தெரியாது.

கடைசியில் பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் நானா, பொறுமைசாலி. ஒரே கார் பந்தயத்தைக் கொன்சோலிலும் கம்பியூட்டரிலும் போட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கூட்டாளி கனநேரம் மாறி மாறிப் பார்த்தான்.

"வித்தியாசம் இருக்குத்தான். ஆனா இவ்வளவு காசுக்கான வித்தியாசமோ நானா?"

"அது உங்கட கண்ணப் பொறுத்த விசயம் தம்பி," என்றார் நானா.

என் கண்தான் வென்றது. என் வாய் என்று சொன்னால் இன்னும் சரி. அவன் என்னைவிடக் கூடுதலாகக் காசு போட்டதால் பில்லை அவன் பெயரில் எழுதுவித்தோம். நானே நானாவுக்கு அவன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் போட்டது விமானம் ஓட்டும் கேம். அதற்கென்று ஒரு ஜோய்ஸ்டிக்கும் வாங்கினேன். அவன் ஒரே ஒரு தரம் பிடித்துப் பார்த்தான். விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் மூக்கைக் குத்திக்கொண்டு விழுந்தது. "இது விளையாட்டில்லை, ஒஃபிஸ் வேலை," என்று எழுந்து போனவன் பிறகு கிட்ட வரவில்லை.

எனக்கோ அது சாப்பாடு, தண்ணி எல்லாமாகிவிட்டது. கார்ட்டுக்குக் கொடுத்த காசு தகுமா என்று பார்க்க, எனக்குத் தெரிந்த இடத்தின் மேல் பறக்க வேண்டும் என்று நினைத்தேன். இரத்மலானை விமான நிலையத்தில் எழும்பி, கடலுக்குத் திரும்பி, வெள்ளவத்தைக் கரையைப் பிடித்துக்கொண்டு வடக்கே போவேன். வீடுகளெல்லாம் சும்மா பெட்டிகள்தான். ஆனால் கரையின் வளைவு, ஏரி, துறைமுகத்தின் கைகள் எல்லாம் அச்சொட்டாக இருந்தன. துறைமுகத்தைச் சுற்றி, கொட்டாஞ்சேனை இருக்க வேண்டிய இடத்தின் மேலே தாழப் பறந்து, திரும்பி வந்து இறங்குவேன். அந்தப் பயணத்துக்கு 'கொழும்பு டெஸ்ட்' என்று பெயர் வைத்துச் சேமித்திருந்தேன்.

அது எந்தக் காலம் என்று சொல்லவேண்டும். வன்னியில் அரசோடு போரிட்ட இயக்கத்திடமும் குண்டு போடும் விமானம் இருக்கிறது என்று தெரிந்துவிட்ட காலம். திடீரென்று கொழும்பு முழுக்க விளக்கை அணைப்பார்கள், வானத்தை நோக்கிச் சுடும் சத்தம் கேட்கும், நாங்கள் கட்டிலுக்குக் கீழே படுப்போம். மறுநாள் வேலை முடிந்து வந்து நான் துறைமுகத்தின் மேல் பறப்பேன். இரண்டையும் சேர்த்து ஒரு நாளும் நான் யோசிக்கவில்லை. இப்போது எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

கவனமில்லாதவர்கள் என்று எங்களைச் சொல்ல முடியாது. வெள்ளவத்தையில் தமிழ் ஆட்கள் இருந்த ஒவ்வொரு அறையிலும் சாமி கும்பிடுவது போல ஒரு வழக்கம் இருந்தது. போர்ப் படம் போட்ட தமிழ்ப் பேப்பரை வாசித்ததும் கிழித்துவிடுவது, வன்னி நம்பர்களை ஃபோனிலிருந்து அழிப்பது, ஊர்க் கடைக் கலண்டரைச் சுவரில் மாட்டாமல் விடுவது. கூட்டாளி ஒவ்வொரு வெள்ளியும் அறையை அப்படித் துப்புரவாக்குவான். நான் அவனை நக்கலடிப்பேன். ஆனால் அவனுக்கும் கம்பியூட்டரைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. அது விளையாட்டுச் சாமான் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம். கீழே வீட்டுக்கார அன்ரி படியடியில் நின்று கூப்பிட்டா.

"தம்பியவை, செக்கிங் வருது. ஐசியையும் பொலிஸ் பதிவையும் கையில எடுத்துக்கொண்டு நில்லுங்கோ."

வெளியூர்த் தமிழர் கொழும்பில் தங்குவதென்றால் பொலிஸில் பதிய வேண்டும்; கூட்டாளி அந்தப் பதிவுத் தாளைத் தேடி எடுத்தான். நான் துறைமுகத்தின் மேல் இருந்தேன்.

"அதை நிப்பாட்டன்ரா," என்றான்.

"பொறு, இறக்கிப்போட்டு வாறன்."

சுவிட்சை அணைத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு அந்தப் பயணத்தை அரைவாசியில் விட மனமில்லை. படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டபிறகுதான் கேமை அப்படியே நிறுத்திவைத்து, திரையை மட்டும் அணைத்தேன்.

ஒரு பொலிஸ் அதிகாரியும் தோளில் துவக்கோடு இரண்டு பொலிஸ்காரரும் உள்ளே வந்தார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அதிகாரி உடனே திருப்பித் தந்தார். வவுனியா விலாசம் போட்ட கூட்டாளியின் அட்டையைத் தரவில்லை. விரலுக்கிடையில் வைத்துக்கொண்டே அலுமாரியைத் திறக்கச் சொன்னார், மெத்தையைத் தூக்கச் சொன்னார். ஒன்றுமில்லை. வெளியே போகத் திரும்பியவர், மேசையில் ஜோய்ஸ்டிக்கைக் கண்டு நின்றார். குனிந்து திரையின் பொத்தானை அமத்தினார்.

விமானத்தின் முன்கண்ணாடியும் அதற்குக் கீழே கடலும் துறைமுகமும் தெரிந்தன. தண்ணீரில் பட்ட வெயில்கூடத் தெரிந்தது.

அவர் திரையில் துறைமுகத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு, "மே கொளம்ப வராய நேத?" என்று மெதுவாகக் கேட்டார். இது கொழும்புத் துறைமுகம் அல்லவா என்று. துவக்கோடு நின்றவர்களும் கிட்ட வந்து பார்த்தார்கள். அடுத்த கேள்வியை என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"மேக காகெத?"

இது யாருடையது என்று. எனக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு. இது கடையில் விற்கிற கேம் சேர், உலகம் முழுக்க விளையாடுகிறார்கள், ஓட்டுவது நான்தான் என்று எல்லாவற்றையும் என்னால் சொல்லியிருக்க முடியும். கொழும்பு விலாசம் போட்ட என் அட்டைக்கு ஒரு அதட்டலோடுகூட விட்டிருக்கலாம். நான் கூட்டாளியைக் காட்டி, "எயாகே, சேர்," என்றேன். அவனுடையது. அதோடு நிற்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து பில்லையும் எடுத்துக் கொடுத்தேன். பயத்தில் கை தானாகப் போனது என்று எழுத ஆசைதான். அப்படியில்லை, யோசித்துத்தான் எடுத்தேன்.

கூட்டாளி என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு அதிகாரியிடம், "ஓம் சேர், மகே," என்றான். என்னுடையதுதான்.

அவனையும் கம்பியூட்டரையும் ஒன்றாக ஜீப்பில் ஏற்றினார்கள். ஜோய்ஸ்டிக்கின் வயர் பின்கதவில் மாட்டித் தொங்கியது.

திரீவீலர் பிடித்துப் பின்னாலேயே பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். நாளைக்கு வா என்றார்கள். மறுநாளும் அதைத்தான் சொன்னார்கள். தினமும் ஒரு சாப்பாட்டுப் பார்சலோடு போய், அதே பார்சலோடு திரும்பி வந்தேன். போகும் வழியெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடுவேன், ஓட்டியது நான்தான் என்று சொல்லிவிடுவேன் என்று சிங்களத்தில் வசனம் கட்டிக்கொண்டே போவேன். கேற்றடியில் நின்றதும் பார்சலை நீட்டி அவனுடைய பெயரை மட்டும் சொல்வேன். அவனுடைய அம்மா வவுனியாவிலிருந்து ஃபோன் எடுத்தா.

"என்ன பிழை தம்பி செய்தவன்?"

"ஒண்டும் செய்யேல்லை அம்மா. கம்பியூட்டரில ஒரு சின்னப் பிரச்சினை."

"நீங்கள் பக்கத்தில இருக்கிறியள் எண்டதுதான் எனக்கு ஆறுதல்," என்றா. ஃபோனை வைத்துவிட்டு, என் மேல் எனக்கே வந்த அருவருப்பில் சுவரில் குத்தினேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அவன் தனியாகவே வந்து சேர்ந்தான். கம்பியூட்டரைத் தரவில்லையாம். தாடி வளர்ந்திருந்தது. கதிரையில் முதுகைச் சாய்க்காமல் நுனியில் இருந்தான். நான் ஓடிப்போய் ரொட்டியும் பருப்பும் வாங்கி வந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவன் அதைக் கவனிக்காமல் சாப்பிட்டுக்கொண்டே கதைக்கத் தொடங்கினான்.

"அங்க ஒரு மேசையில எல்லாத்தையும் பூட்டி வச்சவங்கள். என்னை இருத்தி, ஓட்டிக்காட்டு எண்டவங்கள். எனக்கு எங்க தெரியும்? எழும்பினவுடனை கடலுக்குள்ள விழுந்திட்டுது. நடிக்கிறன் எண்டு அடிச்சவங்கள். திருப்பி ஓட்டச் சொன்னவங்கள். திருப்பியும் கடல்தான். நாலு நாள் இதே கூத்து."

"பிறகு?"

"பிறகு விமானப்படைக்காரன் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்தவங்கள். அவன் அரை மணித்தியாலம் பக்கத்தில நிண்டு பாத்தவன். பாத்துப்போட்டுச் சிரிச்சவன். இவனுக்குச் சைக்கிளும் ஓடத் தெரியாது, விடுங்கோ எண்டிட்டான். அதுக்குப் பிறகு அடிக்கேல்லை."

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவன் ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்தான். குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன், இருக்கவில்லை. இருந்திருந்தால் நல்லது.

"உன்னை இருத்தியிருந்தா நீ வடிவாக் கொண்டுபோய் இறக்கிக் காட்டியிருப்பாய்," என்றான். "நீ இண்டைக்கும் வந்திருக்கமாட்டாய்."

அவன் சொன்னது உண்மை. எத்தனை துவக்கு பக்கத்தில் நின்றிருந்தாலும், அந்த மேசையில் என்னை இருத்தியிருந்தால் சில்லு நிலத்தில் முட்டுவது தெரியாமல் இறக்கிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்திருப்பேன். எனக்கு அழுகை வந்தது. அவன் சாப்பிட்டு முடித்து, பேப்பரைச் சுருட்டிக்கொண்டு கை கழுவப் போனான்.